தொடக்கப் பள்ளிக்கு இணையதளம்: நிறத்தைப் பிள்ளைகளிடம் வாங்குங்கள்

தொடக்கப் பள்ளிக்கு ஒரு இணையதளம் செய்து தாருங்கள் என்று யார் கேட்டாலும், கூடவே வருவது அநேகமாக இதுதான்: “நல்லா கலர்ஃபுல்லா இருக்கணும்.” கேட்பவர் தலைமை ஆசிரியராக இருக்கலாம், அந்த ஊரில் படித்துவிட்டு வெளிநாட்டில் வேலை பார்ப்பவராக இருக்கலாம். உடனே வானவில் பின்னணி, குதிக்கும் பலூன், மேலே ஓடும் எழுத்து, மூலையில் வருகையாளர் கணக்கு என்று வேலை தொடங்கிவிடும். எல்லாம் முடிந்த பிறகு பார்த்தால், சேர்க்கைக்கு யாரைக் கூப்பிடுவது என்பது மட்டும் கண்ணில் படாது.

பள்ளித் தளம் பளிச்சென்று இருக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பளிச்சைக் கடையில் கிடைக்கும் டெம்ப்ளேட்டிலிருந்து எடுத்தால் எல்லாப் பள்ளியும் ஒரே பள்ளியாகத் தெரியும். அதை அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் கையிலிருந்தே எடுக்கலாம் என்பதுதான் என் கட்சி. கணினி நிரல் எழுதத் தெரியாத ஆசிரியர்களையும், முதன்முறையாக இப்படி ஒரு வேலையை எடுத்திருக்கும் இளைஞர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் தமிழ்நாட்டின் அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளைச் சேர்ந்தவை.

கணினியைத் திறக்கும் முன்

இந்தத் தளத்துக்கு யார் வருவார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை தானாகப் பள்ளித் தளத்தைத் தேடித் திறக்காது. வருவது அம்மாவோ அப்பாவோ. வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தொட்டு, போனில், வேலைக்கு நடுவே பார்ப்பார்கள். பிள்ளை அவர்கள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கும். அடுத்து, ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாமா என்று யோசிக்கும் புதிய பெற்றோர். பிறகு முன்னாள் மாணவர்கள், நன்கொடை தர நினைப்பவர்கள், எப்போதாவது ஒரு அதிகாரி.

முதல் திரையில், விரலால் தள்ளாமலே தெரிய வேண்டியவை: பள்ளியின் பெயர், ஊர், எந்த வகுப்பு வரை, தமிழ் வழியா ஆங்கில வழியா, தொலைபேசி எண். ஊர்ப் பெயரைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்ற பெயரில் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான பள்ளிகள் இருக்கின்றன. ஊர், ஒன்றியம், மாவட்டம் மூன்றும் பெயரோடு ஒட்டியே இருக்கட்டும். ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியே இருக்கும் 11 இலக்க அடையாள எண்ணான யுடைஸ் எண்ணைத் தொடர்புப் பக்கத்தில் போட்டுவைத்தால் அதே பெயருள்ள பக்கத்துப் பள்ளியோடு குழப்பம் வராது.

அரசுப் பள்ளி என்றால் தலைமை ஆசிரியரின் ஒப்புதலோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி ஒரு தீர்மானம் போட்டு, வட்டாரக் கல்வி அலுவலருக்கும் தெரிவித்துவிடுங்கள். பிற்பாடு யாராவது “யார் அனுமதி கொடுத்தது?” என்று கேட்டால் எடுத்துக்காட்ட ஒரு தாள் இருக்கும்.

எங்கே கட்டுவது

புதியவர்களுக்கு என் பரிந்துரை, நிரல் எழுதாமலே தளம் கட்ட உதவும் கூகுள் சைட்ஸ். காசில்லை, விளம்பரம் வராது, போன் திரைக்கு ஏற்றபடி தானே மடங்கிக்கொள்ளும், பாதுகாப்பான இணைப்பும் (https) அதிலேயே இருக்கிறது. வேர்ட்பிரஸ்ஸில் செய்யத் தெரிந்தவர் அருகில் இருந்தால் இன்னும் அழகாகச் செய்யலாம். ஆனால் அதில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் செருகுநிரல்களை அடிக்கடி புதுப்பிக்க ஆள் வேண்டும். விட்டுவிட்டால் ஒருநாள் தளத்துக்குள் வேறு யாரோ குடியேறியிருப்பார்கள். விளம்பரத்தோடு வரும் இலவசத் தளக் கட்டுமானங்கள் பள்ளிக்கு ஆகவே ஆகாது.

கணக்கை யார் பெயரில் திறப்பது என்பது தளத்தின் அழகைவிட முக்கியம். ஆசிரியரின் சொந்த ஜிமெயிலில் தொடங்கிய தளங்கள், அவருக்குப் பணியிட மாறுதல் வந்ததும் அநாதையாகிவிடுகின்றன. ஐந்து வருடத்துக்கு முந்தைய சுதந்திர தின விழாவோடு உறைந்து நிற்கும் பள்ளித் தளங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். பள்ளிக்கென்று தனி மின்னஞ்சல் திறங்கள். இரட்டைச் சரிபார்ப்பைப் (கடவுச்சொல்லோடு போனிலும் உறுதி கேட்பது) போட்டு, மீட்பு எண்ணாகப் பள்ளியின் எண்ணைக் கொடுங்கள். தலைமை ஆசிரியர் பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் சாவிக்கொத்துக்கு அடுத்த வரியாக இந்தக் கணக்கும் ஏற வேண்டும்.

தளத்துக்கென்று தனி இணைய முகவரி (டொமைன்) வாங்கினால் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தவறினால் அந்த முகவரியை வேறு யாராவது வாங்கி சூதாட்ட விளம்பரம் போடுவார்கள். பள்ளிகளுக்கு இது நடந்திருக்கிறது. புதுப்பிக்கப் பணமும் ஆளும் உறுதியில்லை என்றால் இலவச முகவரியே போதும்.

நிறம்

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். மூன்றாம் வகுப்புக்குப் போய், “நம்ம ஸ்கூலை வரைங்க” என்று வெள்ளைத் தாளும் கிரையானும் கொடுங்கள். என்ன வரைய வேண்டும் என்று அதற்கு மேல் சொல்லாதீர்கள். சொன்னால் எல்லாரும் இரண்டு மலை, நடுவில் சூரியன், தென்னை மரம் என்று ஒரே படத்தைத்தான் தருவார்கள். சொல்லாமல் விட்டால் கைப்பம்பு வரும், சத்துணவு அக்கா வருவார், கேட்டில் ஏறி நிற்கும் ஆடு வரும்.

படங்களை ஸ்கேனர் இல்லாமலே எடுத்துக்கொள்ளலாம். காலை பத்து மணி வாக்கில், வெயில் நேரடியாக விழாத ஜன்னல் ஓரத்தில் தரையில் தாளை விரியுங்கள். நாலு மூலையிலும் சாக்பீஸ் வைத்தால் தாள் சுருளாது. பிளாஷ் வேண்டாம், கிரையான் மெழுகு அதில் பளபளத்து நடுவில் வெள்ளைத் திட்டு விழும். போனைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து, உங்கள் நிழல் விழாதபடி ஒரு பக்கமாகத் தள்ளி நின்று எடுங்கள். பிறகு ஓரத்தை வெட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினால் தாள் வெள்ளையாகும், நிறம் எழும். நீங்களாகத் திருத்த வேண்டியது அவ்வளவுதான். கோடு கோணலாக இருப்பதை நேராக்கக் கூடாது.

இப்போது அந்தப் படங்களிலிருந்து மூன்று நிறம் எடுங்கள். பெரும்பாலான படச் செயலிகளில் நிறம் உறிஞ்சும் சொட்டுக்குழாய் ஒன்று இருக்கும். அதைக் கிரையான் மேல் வைத்தால் அந்த நிறத்தின் குறியீட்டைத் தரும். அதில் அடர்த்தியான ஒன்று (கருநீலம், அடர்பச்சை, அரக்கு போல) தலைப்புக்கும் பொத்தானுக்கும். ஒளிர்வான ஒன்று, மஞ்சளோ ஆரஞ்சோ, பட்டைகளுக்கும் ஓரங்களுக்கும். மூன்றாவது அங்கங்கே தொட்டுக்கொள்ள. பக்கத்தின் பின்னணி வெள்ளையாகவோ சந்தன நிறமாகவோ இருந்துவிட்டுப் போகட்டும். சுண்ணாம்பு அடித்த சுவரில் மாட்டிய படம் எப்படி எழுந்து தெரியுமோ, அப்படித் தெரியும்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டைக் கண்ணால் மட்டும் முடிவு செய்யாதீர்கள். உலகமெங்கும் பின்பற்றப்படும் இணைய அணுகல் வழிகாட்டுதல்கள் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 என்று விகிதம் சொல்கின்றன. இதைக் கணக்கிட்டுத் தரும் இலவசப் பக்கங்கள் நிறைய உண்டு. பள்ளித் தளங்களுக்கு மிகவும் பிடித்த ஆரஞ்சின் மேல் வெள்ளை எழுத்தைப் போட்டுப் பாருங்கள். பல ஆரஞ்சுகளுக்கு 2-ஐ ஒட்டித்தான் வரும். அதே இடத்தில் மஞ்சளின் மேல் கருநீலம் எழுதினால் 9-க்கு மேல் போகும், பார்க்கவும் குதூகலமாக இருக்கும். இன்னொன்று: சிவப்பு என்றால் விடுமுறை, பச்சை என்றால் வேலைநாள் என்று நிறத்தை மட்டும் நம்பி நாட்காட்டி போடாதீர்கள். சிவப்பு, பச்சை பிரித்தறியாத கண்கள் உண்டு. ஆண்களில் இது கூடுதல். ‘விடுமுறை’ என்று எழுதியே விடுங்கள்.

வரைந்த படங்களை அலங்காரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கைப்பம்பைத் தனியே வெட்டி எடுத்து ‘எங்கள் பள்ளி’ பக்கத்தின் சின்னமாக்கலாம். கேட்டை ‘சேர்க்கை’க்கு, மணியை ‘நாட்காட்டி’க்கு. காசு கொடுத்து வாங்கும் எந்தச் சின்னத் தொகுப்பிலும் இது கிடைக்காது. தன் கைப்பம்பு போனில் தெரிகிறது என்று அந்தப் பிள்ளை வீட்டில் சொல்லும் சேதியே தளத்துக்கு முதல் விளம்பரம்.

தமிழ் எழுத்து

முதலில் பழைய எழுத்துருச் சிக்கல். பள்ளிகளில் இருக்கும் பழைய கோப்புகள் பல பாமினியிலோ வானவில்லிலோ தட்டியவை. அப்படியே எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் தெரியும். மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. எல்லாக் கருவிகளிலும் எழுத்து சரியாகத் தெரிய உதவும் பொதுத் தரமான யூனிகோடுக்கு மாற்றி, பிறகு ஒருமுறை வாய்விட்டுப் படித்துத் திருத்துங்கள். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. ஆனாலும் அலுவலகக் கணினிகளில் பழக்கம் முழுதாக விடவில்லை.

உரைக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது முக்தா மலர். தலைப்புக்குக் கொஞ்சம் குண்டாக, சிரித்த முகமாக வேண்டுமென்றால் பலூ தம்பி. மூன்றும் கூகுளின் எழுத்துருத் தொகுப்பில் இலவசம். உரைக்கு ஒன்று, தலைப்புக்கு ஒன்று, அதோடு நிறுத்துங்கள். கூகுள் சைட்ஸில் தேர்ந்த எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால் போனில் இருக்கும் தமிழ் எழுத்தே தெரியும். அதனால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை.

அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். பெற்றோருக்கான உரை 18 பிக்சல், பிள்ளைகள் படிக்கும் பகுதி 22-க்குக் குறையாமல். தமிழுக்கு மேலே புள்ளியும் சுழியும், கீழே உகரக் காலும் இருப்பதால் வரிகளுக்கிடையே ஆங்கிலத்தைவிடக் கூடுதல் இடைவெளி வேண்டும், எழுத்தளவைப்போல 1.7 மடங்கு என்று வையுங்கள். சாய்வெழுத்து தமிழுக்கு ஒட்டாது. இருபக்கமும் நேர்சீராக்கினால் நம் நீளமான சொற்களால் வரி நடுவே பள்ளம் விழும். இடப்பக்கம் மட்டும் சீராக இருக்கட்டும். மெனுவில் ‘பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள்’ என்று எழுதினால் போனில் மூன்று வரியாக மடியும். ‘பள்ளி’, ‘சேர்க்கை’, ‘நாட்காட்டி’, ‘படைப்புகள்’, ‘தொடர்பு’ ஆகிய ஐந்தில் எல்லாமே அடங்கும்.

சேர்க்கை அறிவிப்பைப் போஸ்டராகச் செய்து படமாகப் போடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறியும் சரியாகப் பிடிக்காது, பார்வையற்ற பெற்றோரின் போனும் வாசித்துக் காட்டாது. போஸ்டர் வாட்ஸ்அப்புக்குப் போகட்டும், தளத்தில் அதே விவரத்தை எழுத்தாகத் தட்டுங்கள். எழுதும்போது அறிக்கை நடை வேண்டாம். ‘இப்பள்ளியானது சீரும் சிறப்புமாக இயங்கி வருகிறது’ என்பதால் யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. ‘காலை உணவு உண்டு. பள்ளி எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, எத்தனை மணிக்கு விடுகிறது, சேர்க்கைக்கு என்னென்ன கொண்டுவர வேண்டும்’ என்று வரிசையாகச் சொன்னால் ஒரு அம்மாவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு மிச்சம்.

புகைப்படம்: அழகுக்கு முன் ஒரு கேள்வி

இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது நிறையாதவர் எல்லாரும் குழந்தைகள்தான். அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய ஒப்புதல் வேண்டும் என்கிறது அது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். பிள்ளையின் முகத்தை உலகத்துக்குக் காட்டுவது பெற்றோர் முடிவு செய்ய வேண்டியது. சேர்க்கைப் படிவத்தோடு ஒரு தாள் கொடுங்கள்: முகம் தெரியும் படம் போடலாமா, படைப்புகளை மட்டும் போடலாமா, எதுவும் வேண்டாமா என்று மூன்று கட்டம். எந்தக் கட்டத்தில் குறி போட்டாலும் காரணம் கேட்கக் கூடாது.

என்னைக் கேட்டால் முகமே வேண்டாம். களிமண் பிசையும் கைகள், வட்டமாக உட்கார்ந்து படிப்பதை முதுகுப் பக்கமிருந்து எடுத்தது, வாசலில் வரிசையாகக் கிடக்கும் சின்னச் சின்னச் செருப்புகள்: சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தும் படத்தைவிட இவை பள்ளியை நன்றாகச் சொல்லும். முகமும் முழுப் பெயரும் ஒரே இடத்தில் சேரவே கூடாது. கோப்பின் பெயரிலும் பிள்ளை பெயர் வேண்டாம். போன் கேமராவில் இடக் குறிப்பை அணைத்துவிட்டு எடுங்கள். இல்லாவிட்டால் படம் எடுத்த இடம் கோப்புக்குள்ளேயே பதிந்து போகும்.

இதைவிடக் கடுமையாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. உதவித்தொகைப் பட்டியல், சாதி விவரம், ஆதார் எண், வங்கிக் கணக்கு, மதிப்பெண் வரிசை இவற்றில் எதுவும் தளத்துக்கு வரக்கூடாது. ‘அறிவிப்புப் பலகையில்தானே ஒட்டுகிறோம்’ என்று சிலர் கேட்பார்கள். பலகையைப் பார்ப்பது ஊர்க்காரர்கள், அதுவும் சில நாட்கள்தான். தளத்தில் போட்டதை யாரும் எங்கிருந்தும் எப்போதும் எடுத்து வைத்துக்கொள்வார்கள். ஆசிரியைகளின் சொந்த எண்ணையும் போடாதீர்கள். பள்ளி எண் போதும். அதன் கீழே குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-ஐயும் சேர்த்துக்கொள்ளலாம்.

அளவு: போனில் எடுத்த படம் ஒன்று 3, 4 எம்பி இருக்கும். பத்துப் படம் போட்டால் பெற்றோரின் டேட்டாவில் 30, 40 எம்பியை நீங்களே தின்றுவிடுவீர்கள். அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து, 200 கேபிக்குள் சேமியுங்கள். ஸ்கூஷ் (Squoosh) என்ற இலவசக் கருவி உலாவியிலேயே இதைச் செய்து தரும்.

படத்தைப் பார்க்க முடியாதவருக்காக மாற்று உரை எழுதும் இடம் ஒன்று உண்டு. அதில் ‘படம் 1’ என்று எழுதினால் எழுதாததற்குச் சமம். ‘சிவப்புக் கூரை வீடு, பக்கத்தில் வீட்டைவிடப் பெரிய கோழி’ என்று எழுதிப் பாருங்கள். பார்க்க முடிந்தவருக்கும் சிரிப்பு வரும்.

பிள்ளைகளுக்கென்று ஒரு பக்கம்

ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள். அவர்கள் பக்கத்தில் சொல் குறைவாக, படமும் ஒலியும் கூடுதலாக இருக்கட்டும். விளையாட்டுச் செயலிகளோடு போட்டி போட முயல வேண்டாம், தோற்றுப்போவோம். செயலிகளால் தர முடியாத ஒன்று நம்மிடம் இருக்கிறது: அவர்கள் குரலும் அவர்கள் ஊரும். ‘நம்ம வேப்பமரத்தில் என்னென்ன இருக்கு?’ என்று வாரம் ஒரு கேள்வி. மரத்தின் படம் ஒன்று. அதன் கீழே பிள்ளைகளின் பதில், அவர்கள் குரலிலேயே, அரை நிமிடம். போன் ரெக்கார்டர் போதும். மணி அடித்துப் பள்ளி விட்ட பிறகு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துப் பதியுங்கள். ஒலித் தரத்தை 64 கேபிபிஎஸ் என்று வைத்து எம்பி3-ஆகச் சேமித்தால் அரை நிமிட ஒலி சுமார் 240 கேபிதான் வரும். பேசுபவரின் பெயர் தேவையில்லை, ‘இரண்டாம் வகுப்பு’ என்றால் போதும். குரலும் அடையாளம்தான், ஒப்புதல் தாளில் அதற்கும் ஒரு கட்டம் சேருங்கள்.

ஒலி தானாக ஓடக் கூடாது. பேருந்தில் பக்கத்தைத் திறந்த அப்பாவின் போன் திடீரென்று பாடினால் அவர் மறுபடி திறக்க மாட்டார். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடுவது பதிப்புரிமைச் சிக்கல். இந்தியாவில் எழுத்தாளர் காலமாகி 60 ஆண்டு வரை உரிமை இருக்கும் என்பதால் குழந்தைப் பாடல்களுக்கும் இது பொருந்தும். பிள்ளைகளே கட்டிய கதையென்றால் இந்தத் தொல்லை இல்லை. மின்னும் எழுத்து, பளிச்சிடும் படம் எதுவும் நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது. சிலருக்கு வலிப்பைத் தூண்டும். மின்னவே வேண்டாம் என்று விட்டுவிடுவது இன்னும் சுலபம். யூடியூப் வீடியோவைப் பதித்தால் முடிவில் அது என்ன பரிந்துரைக்கும் என்பது நம் கையில் இல்லை. பிள்ளைகள் பக்கத்தில் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

பொத்தான்கள் பெரியவர் கட்டைவிரலுக்கும் பிள்ளையின் அவசரத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும். 48 பிக்சலுக்குக் குறையாத உயரம், நடுவே நல்ல இடைவெளி.

சோதனை

உங்கள் கணினியில் அழகாகத் தெரிவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பள்ளி விடும் நேரத்தில் கேட்டருகே காத்திருக்கும் ஒரு அம்மாவிடம் அவருடைய போனிலேயே தளத்தைத் திறந்து கொடுத்து, “அரையாண்டு லீவு எப்போன்னு இதுல பாத்துச் சொல்லுங்கக்கா” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயைத் திறக்காமல் நில்லுங்கள். எங்கே விரல் தயங்குகிறது, எதைத் தொட்டு ஏமாறுகிறார் என்று பாருங்கள். நாலு மணி வெயிலில் திரை தெரிகிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். மூன்று நான்கு பேரிடம் கேட்டாலே பெரிய ஓட்டைகள் எல்லாம் வெளியே வந்துவிடும்.

நடத்துவது

அரசுப் பள்ளிகளில் மார்ச்சிலேயே சேர்க்கை வேலை தொடங்கிவிடுகிறது. ஆகவே தளம் பிப்ரவரிக்குள் தயாராகட்டும். அதன் பிறகு மாதம் ஒருமுறை, மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கும் வாரத்தில், ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்: முடிந்துபோன அறிவிப்பை எடுப்பது, புதிதாக இரண்டு படைப்பு சேர்ப்பது, ‘கடைசியாகப் புதுப்பித்த நாள்’ என்பதை மாற்றுவது. மழை விடுமுறையை உடனுக்குடன் தளத்தில் போடுவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். அதற்கு வாட்ஸ்அப் குழுதான் சரி. ஒருநாள் தவறினால் மழையில் நனைந்து வந்த பெற்றோர் திட்டுவார்கள். பள்ளியை விட்டுப் போன பிள்ளையின் படைப்பை எடுக்கச் சொல்லி வீட்டில் கேட்டால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

தளம் இருப்பது ஊருக்குத் தெரிய வேண்டுமே. கூகுள் மேப்ஸில் பள்ளியின் இடம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, அதில் தள முகவரியைச் சேருங்கள். சேர்க்கைத் துண்டறிக்கையிலும் பள்ளி கேட்டிலும் க்யூஆர் குறியீட்டை அச்சிட்டு ஒட்டுங்கள், கீழே முகவரியை எழுத்திலும் போடுங்கள். பளபளப்பான லேமினேஷன் வெயிலில் கண்ணாடி போலக் கூசும், கேமராவுக்குப் பிடிபடாது. மங்கலான மேட் உறை கேளுங்கள். ஒட்டும் உயரம் பெரியவர் நெஞ்சளவு. அதற்குக் கீழே ஒட்டினால் ஒரு வாரத்தில் பிள்ளைகள் நகத்தால் சுரண்டிவிடுவார்கள்.